தானா விழுந்தவர்

மஞ்சக்குட்டை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்புத் தம்பி ரொனால்டுக்கு,

அக்கா செல்வமேரி எழுதுவது. நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்கிறேன், நலமா? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. பவுடர், ரப்பர் ஷீட்டு, மாமாவுக்கு இரண்டு லுங்கி. அனுப்பியவர் என்ற இடத்தில் எவனோ ஒருவன் பெயரைப் போட்டு, திருப்பூர் விலாசத்தை எழுதியிருக்கிறாய். பெயரை மாற்றினால் எழுத்து மாறிவிடுமா? உன் கையைப் பிடித்து ஸ்லேட்டில் எழுத வைத்தவள் நான். போன் நம்பரை மாற்றிவிட்டாய், அதனால்தான் கடிதம். இதைப் படிக்காமல் கிழித்துவிடாதே.

எஸ்டேட்டில் காப்பிப் பறிப்பு தொடங்கிவிட்டது. மாமாவின் இடத்துக்கு, ஆள் கணக்கு எழுதுகிற ரைட்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, எத்தனை நாள்தான் காத்திருப்பார்? ஆஸ்பத்திரி வாசலில் நீ விட்டுப்போன காரை இங்கே கொண்டுவந்து விட்டார்கள், தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. டிரைவர் சீட்டில் நம் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கோழியாவது ஒரு இடத்தில் பொறுப்பாக உட்காருகிறது.

போன வாரம் சேலம் கோர்ட்டுக்குப் போனேன். உன் மேல் கேஸ் போடத்தான் போனேன். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

அங்கே இலவச சட்ட உதவியில் கீர்த்திகா என்று ஒரு வக்கீல். சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டாள். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். என் புருஷன், உன் மாமா, பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தது, மேகம் ரோட்டை மூடியிருந்தது, நீ டூரிஸ்ட்டுகளை இறக்கிவிட்டு வேகமாக வந்து வளைவில் அவரை இடித்தது, அன்றிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வே இல்லாமல் போனது, எல்லாம் சொன்னேன். “ஏனுங்க அக்கா, வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்துச்சுங்களா?” என்று கேட்டாள். நீ எப்போதும் சொல்வாயே, அதையே சொன்னேன். மலையை விட்டு இறங்காத வண்டிக்கு எதுக்கு இன்சூரன்ஸ், செக்போஸ்ட் அடிவாரத்தில்தானே இருக்கிறது என்று. நம் மலையில் பாதிப் பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். அவள் சிரிக்கவில்லை. “செக்போஸ்ட்டுதானுங்க அடிவாரத்துல இருக்குது. சட்டம் மேலயும் இருக்குதுங்க” என்றாள்.

பிறகு இருக்கிற வழிகளைச் சொன்னாள். இன்சூரன்ஸ் இருந்திருந்தால் கம்பெனி கொடுத்திருக்கும். இல்லாததால், விபத்து வழக்கு விசாரிக்கிற கோர்ட்டில் போட்டால் தீர்ப்பு நேராக உன் மேல்தான் வருமாம், வண்டி உன்னுடையது, ஓட்டியதும் நீ. உன் காரை ஏலம் விடுவார்கள். அந்தத் தகரத்தை எவன் எடுப்பான்? அதற்கு மேல் வேண்டுமென்றால் உன் பேரில் இருக்கிற சொத்தை ஜப்தி செய்யலாமாம். உன் பேரில் என்ன இருக்கிறது? அப்பா விட்டுப்போன மிளகுத் தோட்டம், அதுவும் இன்னும் பாகம் பிரிக்காதது. ஆக, நான் கேஸ் போட்டு ஜெயித்தால் நான் குடியிருக்கிற இடத்துக்கே கோர்ட் அமீனாவைக் கூட்டி வர வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள்.

இன்னொன்றும் சொன்னாள். இடித்துவிட்டு ஓடிப்போன வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் அரசாங்கம் ஒரு தொகை கொடுக்குமாம். தெரிந்த வண்டி என்றால் அது கிடையாதாம். யோசித்துப் பார். முகம் தெரியாத எவனோ இடித்திருந்தால் மாமாவுக்கு ஏதாவது கிடைத்திருக்கும். நீ தம்பியாகப் போய்விட்டாய்.

எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் போலீஸில் பதிவு வேண்டும். கெடுவும் இருக்கிறது, பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் என்ன எழுதியிருக்கிறது? அன்றைக்கு நீதான் உன் காரில் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனாய், அதை நான் மறக்கவில்லை. போலீஸ்காரர் வந்து கேட்டபோது மாமா நினைவோடுதான் இருந்தார். உன் முகத்தைப் பார்த்தார். “நானாத்தானுங்க உழுந்துட்டேன், ஊட்டுப் படியில” என்றார். நீயும் பக்கத்தில் நின்றாய், நானும் நின்றேன். தானா விழுந்தார் என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை இன்றைக்கு எந்த வக்கீலாலும் அசைக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் கெஞ்சினேன். இப்போதாவது உண்மையைச் சொல்லுங்கள், பதிவை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாமாம் என்றேன். “மாப்ளைய நானே ஸ்டேசன்ல கொண்டுபோயி நிறுத்துவனா? அவன் உள்ள போனா எனக்குக் காலு வந்துருமா?” என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா புருஷன் என்ற உறவை இவர்தான் கட்டிக் காப்பாற்றுகிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கஞ்சிக் கிண்ணத்தைத் தரையில் அடித்தேன். பிறகு நானேதான் துடைத்தேன்.

கோபம் உன் மேல்தான் ரொனால்டு. இடித்ததற்குக்கூட இல்லை, மேகத்தில் யாருக்கும் கண் தெரியாது. ஆபரேஷன் முடிவதற்குள் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் இன்னும் டீ குடித்துக்கொண்டிருக்கிறாயே, அதற்குத்தான். ஊரில் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் பூசை நடுவே ஒருவருக்கொருவர் கைகூப்பிச் சமாதானம் சொல்லும்போது என் பக்கம் திரும்புகிறவர்கள் கீழே பார்க்கிறார்கள்.

கோர்ட்டில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் எல்லாம் சொல்லி முடித்த பிறகு வக்கீல் பேனாவை எடுத்தாள். “பதிவை மாத்த ஒரு மனு போட்டுப் பாக்கலாமுங்க. உங்க தம்பி இப்ப எங்க இருக்காருன்னு சொல்லுங்க” என்றாள். பார்சலில் இருந்த விலாசத்தைக் கிழித்தெடுத்து என் பையில்தான் வைத்திருந்தேன். பை மடியில்தான் இருந்தது. தெரியாதுங்க என்று சொல்லிவிட்டேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் “விலாசம் கெடைச்சா வாங்கக்கா” என்று பேனாவை மூடிவிட்டாள். கோர்ட்டை விட்டு வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் வீட்டுக்கு வந்து மாமாவைத் திட்டினேனே, நான் மட்டும் என்ன செய்தேன்?

ஆகவே கேஸ் இல்லை. உனக்குச் சம்மன் வராது, நீ பயப்பட வேண்டாம். யாரும் உன்னைத் தேடவில்லை, என்னைத் தவிர.

இனி எழுதுவதை மாமாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். முதுகில் புண் வந்துவிட்டது. கை நுழையும் அளவுக்குக் குழி. அவருக்கு வலி தெரியவில்லை, வாடை தெரிகிறது. அதனால் யார் வந்தாலும் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார். மணிக்கணக்கில் ஒரே பக்கமாகப் படுக்கக் கூடாது, புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்று நர்ஸ் திட்டுகிறாள். அவரைப் புரட்ட இரண்டு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டு ஆண்டனி ராஜ் பறிப்புக்குப் போகுமுன் ஒரு முறை வந்து பிடிக்கிறார். மற்ற நேரம் நான் ஒருத்தியாக இழுக்கிறேன், தோல் பிய்ந்து ஷீட்டோடு வருகிறது.

நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், இருட்டிய பிறகு வா. இந்தப் பக்கம் நான் பிடித்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் நீ பிடி.

சீக்கிரம் வா சாமி, அவர் இருக்கும்போதே. மாதா உன்னைக் கைப்பிடித்து மலையேற்றி விடட்டும்.

உன் அக்கா,
செல்வமேரி