மூன்றாம் கட்டம், மாடியில்

ஜூலை 6, ஞாயிறு

என் வீட்டுக்காரர் வாசிப்பு வட்டத்திலிருந்து புது உற்சாகத்தோடு வந்தார். மார்க்கச் சீர்திருத்தம் கட்டம் கட்டமாகத்தான் வருமாம். முதலில் தனிமனிதன், பிறகு குடும்பம், பிறகு ஊர், கடைசியில் நாடு. முதல் கட்டத்தை அவர் முடித்துவிட்டாராம். சிகரெட்டை விட்டதைச் சொல்கிறார் போலிருக்கிறது. இன்று முதல் நானும் வீடும் இரண்டாம் கட்டம். "பாத்திரம் கழுவுறது எந்தக் கட்டத்துல வருது?" என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், பாவம்.

ஜூலை 11, வெள்ளி

வார விடுமுறை வெள்ளியில் விழுந்தும் எனக்கு ஜும்ஆ, அந்த மதியக் கூட்டுத் தொழுகை, இல்லை. எங்கள் பள்ளிவாசல் மாடி சும்மாதான் கிடக்கிறது, பழைய ஃபேன் பெட்டிகளோடு. அதைப் பெண்கள் தொழத் திறந்துவிடச் சொல்லிக் கமிட்டியில் கேளுங்கள் என்று இவரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இவரும் கமிட்டியில் ஓர் ஆள்தானே?

"அது மூணாவது கட்டம் பல்கீஸ். அவசரப்பட்டா ஊரே திரும்பிக்கும்."

எங்கள் செல்போன் ஃபேக்டரி லைனில் முதல் ஆள் எல்லா போனையும் முடிக்கிறவரை மூன்றாவது ஆள் கைகட்டிக்கொண்டா நிற்கிறாள்? எல்லாரும் ஒரே நேரத்தில்தானே வேலை பார்க்கிறோம்? சொன்னேன். மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். கோபம் கோபமா வருது. நான் என்ன நாட்டையா கேட்டேன் — ஒரு பாய் விரிக்க இடம்.

ஜூலை 12

பேசவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பேச்சு இல்லையென்றாலும் தொழுகை உண்டு. வீட்டில் அஸர், சாயங்காலத் தொழுகை. இவர் முன்னால் நின்று தொழவைக்க, நான் பின்னால். இவருக்கு நேற்று ஓ.டி. பார்த்த களைப்பு — அஸருக்கு உண்டான நான்கு ரக்அத், நான்கு சுற்று, முடிந்தும் ஐந்தாவதுக்கு எழுந்துவிட்டார். தொழவைப்பவர் தவறினால் பின்னால் நிற்கும் ஆண் சுப்ஹானல்லாஹ் என்பான், பெண் கை தட்டுவாள். தட்டினேன். அசையவில்லை. பலமாகத் தட்டினேன். ஐந்தையும் முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பியவர், "கொசுவா? லிக்விட் தீந்துபோச்சா?" என்றார்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பிறகு அவரும் சிரித்தார். மறுபடி தொழுதோம்.

ஜூலை 20, ஞாயிறு

கமிட்டிக் கூட்டத்தில் இவர் மாடியைக் கேட்டேவிட்டாராம். பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி கவுஸ் பாய், "பொம்பளைங்களுக்கு ஜமாத்தா சேந்து தொழுவுற முறை இன்னா தெரியும்? பேசிக்கினு கெடப்பாங்க" என்றாராம். இவர் எழுந்து கொசுக் கதையைச் சொல்லியிருக்கிறார், லிக்விட் உட்பட. "முறை தெரியாம நின்னது நான்தான் பாய். அவளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு." கவுஸ் பாய் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், "சரி, ஒரு மாசம் பாப்போம்" என்றுவிட்டாராம்.

எனக்காகத் தன்னைத்தானே கேலி செய்துகொண்டிருக்கிறார் இந்த மனுஷன். பெருமையாக இருக்கிறது. அவரிடம் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

லீவு போட்டேன். மாடியில் பத்துப் பேர்கூட இல்லை. வீட்டில் இவருக்குப் பின்னால் தனியாகவே நின்று பழகிவிட்டதால் இங்கும் ஓரமாக ஒதுங்கி நின்றேன். தொழுகை தொடங்குகிறது என்று கீழே இகாமத் சொன்னார்கள். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ராமநாதபுரத்துப் பெண் ஒருத்தி, பெயர்கூடத் தெரியாது, என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"இடைவெளி விடாதீகக்கா. ஒட்டி நில்லுங்க."

அவள் தோள் என் தோளில் பட்டது. ஏனோ கண் கலங்கிவிட்டது. ஒட்டி நின்றேன்.