சேகர் பிடித்த கோணல் கொழுக்கட்டை

இதுவரை நான் பெயர் சொல்லி அழைக்காத என் பிரியமானவருக்கு,

உங்கள் மகன் சேகரை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பாங்காக் சுற்றுலா போய்வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அடுப்படி அவனுடையது. நேற்று தாய்லாந்து டம்ப்ளிங்காம். அரிசிமாவுக்குள் கொத்திய கோழி, பூண்டு, மிளகு, மல்லி வேர். தொட்டுக்கொள்ளச் சோயா சாஸ், எலுமிச்சை, சர்க்கரை, பச்சை மிளகாய். என் இட்லிக் கொப்பரையில் கோழி வெந்தது. வாடை போகப் புளி போட்டுத் தேய்த்தது யார் என்று கேட்கமாட்டீர்களா?

மடிப்பு வை என்றால் பிதுக்குகிறான். ஒன்றுபோல் ஒன்றில்லை. அதில் ஒன்றைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அச்சு அசல் நம் செவ்வாய் நோன்புக் கொழுக்கட்டை. இந்தக் கடிதம் ஆண்கள் கண்ணிலும் படலாம், வடிவத்தை எழுதமாட்டேன்.

ஆடிச் செவ்வாயில் ஆண்களை வெளியே அனுப்பிவிட்டு, பெண்கள் மட்டும் உப்பில்லாமல் பிடித்து, அவித்து, விடிவதற்குள் தின்று தீர்ப்போமே. நீங்கள் சேகரையும் கூட்டிக்கொண்டு நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியில் போய்ப் படுப்பீர்கள். காலையில் வந்து அதே கேள்வி.

"வெடிமருந்து கலக்குற ரூமுக்குள்ளயே என்னைய விடுறாக. எம் வீட்டு அடுப்படிக்குள்ள விட மாட்டேங்கிறீகளே. அப்படி என்னதான் பிடிக்கீக? உருண்டையா, நீளமா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கேட்டீர்கள். "இனிமே நான் யார்கிட்டப் போயிச் சொல்லப்போறேன்?" நான் வாயைத் திறக்கவில்லை. நோன்புப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். கான்வென்ட் வளர்ப்பு அப்படி. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் இந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

நேற்று மருமகளும் சேகர் பிடித்த அந்த ஒன்றைப் பார்த்துவிட்டாள். "அத்தே, அது…" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பேசாம இரு."

"ஏம்மா முறைக்கீக? கோணிருச்சா?" என்றான் சேகர்.

"கோணல்தான். இன்னொண்ணு அப்படிப் பிடிச்சா கையிலேயே போடுவேன்."

ஒன்றும் தெரியாமல் சிரிக்கிறான், உங்களைப் போலவே.

வெந்ததும் தட்டை அப்படியே உங்கள் படத்தின்முன் வைத்தேன். இது நோன்பும் இல்லை. பிடித்தது பெண்ணும் இல்லை. ஆகவே என் வாக்கு முறியவில்லை. நீங்கள் ஆயுசு முழுக்கக் கேட்டது அந்தத் தட்டில் ஒன்று. எது என்று சொல்லமாட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். சாஸில் உப்பு தூக்கல், தொடாதீர்கள், உங்களுக்கு ரத்தக்கொதிப்பு.

கண்டுபிடித்துவிட்டால் அங்கே யாரிடமும் சொல்லாதீர்கள். நான் அங்கு வந்த பிறகும் சொல்லமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் மனைவி,
சேகர் அம்மா