பெட்ரோல் முள்

பிப்ரவரி 12

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இன்னும் இப்படிக் கூப்பிடலாமா என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் தயாராக இருக்கிறது. விவாகரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நீயும் என் மகனும்தான். என்னிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

கூரியரில் ஒரு பெட்டி வரும். நம் பழைய வண்டியின் ஸ்பீடாமீட்டரும் பெட்ரோல் மீட்டரும் அதில் இருக்கின்றன. ஸ்பீடாமீட்டரின் முகப்பு மஞ்சளாகி, எண்கள் உதிர்ந்துவிட்டன. நாற்பதில் போகிறேனா அறுபதில் போகிறேனா என்பதை ஜன்னல் காற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். பெட்ரோல் மீட்டர் கதை உனக்கே தெரியும். எப்போதும் குறைத்தே காட்டும். முள் அடிக்கோட்டில் படுத்த பிறகும் முப்பது மைல் தாராளமாக ஓடும். இது எனக்கும் தெரியும், வண்டிக்கும் தெரியும். பயந்துபோய் பங்க்கைத் தேடி ஓடியவன் இந்த வீட்டில் என் மகன் ஒருவன்தான்.

இங்கே உள்ள மெக்கானிக், "இதையெல்லாம் கழட்டிக் கடாசிட்டு டிஜிட்டலா மாத்திடலாம் சார்" என்றான். அவன் கடைப் பக்கம் இனி தலைவைத்துப் படுக்க மாட்டேன். உன்னை விட்டால் எனக்கு ஆள் கிடையாது.

அத்தை நலம். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நான் பெட்டியைக் கட்டும்போது அவளாகவே வந்து, "இப்படிக் கட்டினா உள்ள ஆடும்" என்று சொல்லி, பழைய போர்வையைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தாள்.

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 27

அன்புள்ள மாமாவுக்கு,

பெட்டி பத்திரமாக வந்தது. போர்வைத் துணியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. வேலை செய்யும் மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன். சின்னத் திருகாணி கீழே விழுந்தாலும் ஓடாமல் நிற்கிறது.

ஸ்பீடாமீட்டரைத் திறந்து பார்த்தேன். முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் உள்ளே தையல் மெஷின் எண்ணெயைக் கொட்டியிருக்கிறார். அது தூசியோடு சேர்ந்து பிசினாகிவிட்டது. எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டேன். எண்களைப் பழைய எழுத்தின் சாயலிலேயே கையால் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டு எண்களுக்கு மேல் எழுதினால் கண் கலங்குகிறது.

பெட்ரோல் மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை, மாமா. டேங்க்குக்குள் மிதக்கும் பித்தளை மிதவையில்தான் எனக்குச் சந்தேகம். கோபத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மெக்கானிக்கிடமே சொல்லிக் கழற்றி அனுப்புங்கள்.

ஒரு நல்ல செய்தி. இத்தனை நாள் படுக்கையறையிலேயே வேலை செய்தேன் அல்லவா, இப்போது தெருவைப் பார்த்த மாதிரி சின்னதாக ஒரு கடை எடுத்திருக்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் எங்கெங்கிருந்தோ மீட்டர் அனுப்புகிறார்கள். மே மாதம் மூன்றாம் ஞாயிறு திறக்கிறேன். நீங்களும் அத்தையும் வர வேண்டும். இந்தத் தொழிலை நான் கற்றதே உங்கள் வண்டியில்தான். ஓடாத கடிகாரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்து, "கெட்டுப்போனா போகட்டும், பிரிச்சுப் பாரு" என்று நீங்கள் சொன்னீர்கள். உங்கள் மகன் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. எண்ணெய் வைக்கத் தன் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசி எடுத்துக் கொடுத்தார். இன்றைக்கும் சொட்டு எண்ணெய் வைப்பது அந்த ஊசியால்தான்.

மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகன் வேறு துணையைத் தேடிக்கொண்டது பழைய கதை. அந்தப் புண் ஆறிவிட்டது. ஆறாதது ஒன்றுதான். நான் பெட்டியோடு கிளம்பிய அன்று "போயிட்டு வரேன் அத்தை" என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே நின்றார். திரும்பவே இல்லை. மூன்று வருடமாக ஒரு வார்த்தை இல்லை. என் மேல் என்ன கோபம் என்று தெரிந்தால்கூடப் போதும். அவர் வந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

என்றும் நன்றியுள்ள,
மருமகள்


மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

மிதவை வருகிறது. நாலு நாள் வெளியே காயவைத்தும் பெட்ரோல் வாசனை போகவில்லை. அந்த மெக்கானிக்கிடம் போய் அசடு வழிய நின்றேன். அவன் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். நல்ல பையன்தான்.

கடை எடுத்ததைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. எதிர்வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை அவரே, "உங்க மருமக கடை திறக்கிறா, அதானே?" என்றார்.

அத்தையிடமும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவ கடைக்கு நான் எதுக்கு?" என்றாள். அப்புறம் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தாள். வருவாள் என்று எனக்குத் தோன்றவில்லை, அம்மா. பொய்யாக ஆசை காட்ட எனக்கு விருப்பமில்லை. நான் மட்டும் வந்தால் கதவைத் திறப்பாயா?

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்குத் திறக்காத கதவு எனக்கு எதற்கு?

எல்லாம் தயார். மிதவையை வெந்நீரில் அமுக்கினேன். ஒரு மூலையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி வந்தது. ஊசிமுனை அளவு ஓட்டை. அதன் வழியாகப் பெட்ரோல் உள்ளே புகுந்து, மிதவை கனத்துப்போய்த் தாழ்ந்தே மிதந்திருக்கிறது. அதனால்தான் மீட்டர் குறைத்துக் காட்டியது. உள்ளே இருந்ததையெல்லாம் வெளியேற்றிவிட்டு ஈயம் வைத்து அடைத்துவிட்டேன்.

இதைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்: முள் இனிமேல் உள்ளதை உள்ளபடி காட்டும். அடிக்கோட்டைத் தொட்டால் டேங்க் காலி. முப்பது மைல் கிடையாது. நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.

அத்தையை வற்புறுத்தாதீர்கள். என்னால் உங்கள் இருவருக்குள் ஒரு சண்டை வேண்டாம். ஒருவேளை அவருக்கு என்னைப் பிடிக்காமலே இருந்திருக்கலாம். ஊசி கொடுத்ததை நான்தான் பெரிதாக எடுத்துக்கொண்டேனோ என்னவோ.

என்றும் நன்றியுள்ள,
மருமகள்


ஏப்ரல் 29

அன்புள்ள மருமகளுக்கு,

முதலில் நன்றி. உன் தயவால் நாங்கள் நடுரோட்டில் நின்றோம்.

மீட்டர்களைப் பொருத்தியதும் வண்டிக்குப் புதுக்களை வந்துவிட்டது. அத்தைக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. டாக்டரிடம் போய்விட்டுத் திரும்பும்போது அவள், "முள்ளு அடியில கிடக்கு" என்றாள். "இன்னும் முப்பது மைல் ஓடும். எத்தனை வருஷமா ஓட்டுறேன்" என்றேன். பங்க் கண்ணெதிரே வந்தது. கையசைக்காத குறையாகத் தாண்டிப் போனேன். கொஞ்ச தூரத்தில் வண்டி இரண்டு தடவை விக்கியது. ஒரு கிடங்குச் சுவரோரமாக நின்றேவிட்டது.

வழியில் போன லாரிக்காரர் ஒருவர் பெட்ரோல் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். வேறு ஈ காக்கை இல்லை. வண்டிக்குள் நாங்கள் இருவரும்தான்.

"அவதான் படிச்சுப் படிச்சு எழுதியிருந்தாளே, அடியைத் தொட்டா காலின்னு" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ எப்போ படிச்ச?"

"எல்லாத்தையும்தான் படிச்சேன். சட்டைப் பையில வச்சுட்டுக் குளிக்கப் போனா படிக்காம என்ன செய்வாங்க?"

எல்லாம் என்றால் நீ அடுப்பைப் பற்றி எழுதினதும்தான். அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள், மூடினாள். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் என்னுடையதில்லை.

"அன்னிக்கு நான் திரும்பியிருந்தா, போகாதேன்னு அவ கையைப் பிடிச்சிருப்பேன். அவளும் எனக்காக நின்னிருப்பா. அப்படிப்பட்ட பொண்ணு அவ. நின்னு என்னத்தைக் கண்டிருப்பா? நம்ம பையன் பண்ணினதை தினம் பார்த்துக்கிட்டு, அந்த வீட்டுலயே வெந்து போயிருப்பா. அதான் திரும்பல. அடுப்புல ஒண்ணுமே இல்ல. அடுப்பே எரியல."

"இதை அவகிட்ட ஒரு வரி எழுதியிருக்கலாமே?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு எழுதுறது? பெத்தவ நான்தானே?"

அதற்கப்புறம் அழுதாள். நானும்தான். பெட்ரோல் கேனோடு வந்த ஆள் பயந்துபோய், "பெரியவரே, அடிகிடி பட்டுடுச்சா?" என்றான்.

அம்மா, நீ அந்த ஓட்டையை அடைக்காமல் விட்டிருந்தால் நாங்கள் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்திருப்போம். அவள் சமையலறைக்குள் போயிருப்பாள். நான் டிவியைப் போட்டிருப்பேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் எனக்குத் தெரியாததை உன் முள் வெளியே கொண்டுவந்துவிட்டது. என்ன சொல்லி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

கடை திறப்புக்கு வருவாளா என்று நான் கேட்கவில்லை. நீ சொன்னபடி வற்புறுத்தவில்லை. பேனா எங்கே என்று அவள்தான் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறாள். என் கையில் இருப்பதைப் பிடுங்குவதற்குள் முடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 29

மருமகளுக்கு,

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. மாமா எழுதினதைப் படித்தேன். நான் இவ்வளவு அழவில்லை, அவர்தான் அழுதார்.

உன்னைப் பிடிக்காமல் இருந்திருக்குமோ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி அப்படி எழுதாதே.

அந்த ஊசி இத்தனை நாளில் மழுங்கியிருக்கும். புதிதாக ஒரு பாக்கெட் வாங்கியிருக்கிறேன். கொண்டுவருகிறேன்.

மூன்றாம் ஞாயிறு காலையில் வந்துவிடுவோம். மாமா முள்ளைப் பார்க்க மாட்டார், நான் பார்த்துக்கொண்டு வருகிறேன். நீ வாசலுக்கு ஓடி வராதே. உள்ளேயே உன் மேஜையில் வேலை பார்த்துக்கொண்டிரு. நான் வந்து கூப்பிடுகிறேன். நீ திரும்பு.

அத்தை