குண்டூசி செத்தது சரிதான்

அன்பு மகள் வாலுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மா, அண்ணன், அண்ணி, நான் நான்கு பேரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறோம். விளையாட்டில் மட்டும் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்குத்தான் இந்தக் கடிதம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, கொஞ்சமாவது தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்றே எண்ணிக்கொள்கிறேன். சென்ற மாதம் போனில் நீ கேட்டதற்கு நான் பட்டென்று ஒரு பதில் சொல்லிவிட்டேன். நீ எழுதி அச்சான சாகச விளையாட்டுப் புத்தகம் 'கருங்கால் கோட்டை' இரண்டாம் பதிப்புக்குப் போகிறது, ஆனால் வாசல் சண்டையில் ரத்தம் அதிகம், அங்கே விழுகிற ஆளை ஆட்டம் நடத்துபவர் விரும்பினால் காப்பாற்றிவிடலாம் என்று மாற்றிக் கொடுத்தால்தான் அச்சுக்கு அனுப்புவேன் என்று பதிப்பாசிரியர் சொல்கிறார், "மாத்திடட்டுமாப்பா?" என்றாய். நான் புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல், "பெரியவர் சொன்னா கேட்டுக்கோம்மா" என்றேன். நீ "சரிப்பா" என்று வைத்துவிட்டாய். அந்தக் குரல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. விடைத்தாளைப் படிக்காமலே மார்க் போடுகிற வாத்தியார்களை, நானும் ஒரு வாத்தியாராக இருந்துகொண்டே, வாழ்நாள் முழுக்கத் திட்டியவன் நான். அதனால் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் தையற்கடையைச் சாத்திவிட்டு, அம்மாவின் துணி வெட்டும் மேசையைச் சுற்றி எல்லோரையும் உட்கார வைத்து ஆடிப் பார்த்தோம்.

எனக்குப் புரிந்தவரை விளையாட்டு இதுதான்: ஒருவர் புத்தகத்தைப் பார்த்துக் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகித் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும், அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை தீர்மானிக்கும். நடத்துபவர் நான். உன் அண்ணி அவசரப் பிரிவு நர்ஸ் ஆயிற்றே, வைத்தியச்சியாக இருப்பாள் என்று நினைத்தேன். "வார்டுல கட்டுப் போடறது போதாதா மாமா, எனக்குக் கோடாரி குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டாள். லாரி ஓட்டுகிற உன் அண்ணன் தலையில் வைத்தியம் விழுந்தது. அம்மா ஏழடி உயர வாள்வீராங்கனையாகி அவளுக்குக் 'குண்டூசி' என்று பெயர் வைத்தாள். கேட்டதற்கு, "சின்னதா இருந்தாலும் ஏறுனா தெரியும்ல" என்றாள். ஏழடி எப்படிச் சின்னதாகும் என்று நான் கேட்கவில்லை, மேசையில் கத்தரிக்கோல் இருந்தது.

முதல் அத்தியாயத்தில் கூலிப்படை படகுத்துறையைக் கொளுத்துகிற இடத்திலேயே சண்டை மூண்டுவிட்டது. அண்ணி முதல் வெட்டிலேயே ஒருவனைத் தலைக்கவசத்தோடு தாடை வரை பிளந்துவிட்டு, கோடாரி சிக்கிக்கொண்டதால் அவன் நெஞ்சில் கால் வைத்துப் பிடுங்கினாள். இரண்டாமவன் எரிகிற படகிலிருந்து தீப்பிடித்த முதுகோடு தண்ணீரில் குதித்தான், அவனைக் குண்டூசி முடியைப் பிடித்து இழுத்துக் கழுத்தை அறுத்தாள். உங்கள் அம்மாதானா இது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தக் களேபரத்தில் தண்டாயுதம் பட்டு அண்ணனின் பாத்திரத்துக்கு வலது கை முறிந்தது. இங்கேதான் உன் புத்தகத்தின் முதல் நல்ல குணத்தைக் கண்டேன். சினிமாவில் போல அடுத்த காட்சியில் அந்தக் கை சரியாகிவிடவில்லை, மூன்றாம் அத்தியாயம் வரை முறிந்தே இருந்தது. படைவீரர்களும் சும்மா வந்து சாகிற பொம்மைகள் அல்ல, பாதிப் பேர் விழுந்ததும் மிச்சம் பேர் பயந்து ஓடுகிறார்கள், ஓடியவர்கள் போய்த் தலைவன் ஒற்றைக்காதனிடம் சொல்லிவிடுகிறார்கள், அவன் இன்னும் வெறியோடு வருகிறான். முதல் கணக்கில் வந்த விடையை வைத்தே இரண்டாம் கணக்கைப் போடச் சொல்வது போல இது, ஒன்று தப்பினால் எல்லாம் தப்பும். ஆனால் இரண்டாம் அத்தியாயத்துக் கிணற்று விஷம் அநியாயம். முன்கூட்டி ஒரு குறிப்பும் இல்லை, குடித்தவர் வாயில் ரத்த நுரை தள்ளுகிறது. பாடத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டுப் பையனைப் பெயிலாக்குவது சரியா? அங்கே செத்துக் கிடக்கும் ஒரு நரியையாவது வை. அதேபோல் நிலவறையில் கைதியின் நகங்களைப் பிடுங்குவதை ஒரு பக்கம் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஆடுகிறவர்கள் அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை, உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். அண்ணி, "இது சும்மா பயமுறுத்தறது" என்றாள். அந்தப் பக்கத்தைப் பொறுத்தவரை உன் பதிப்பாசிரியர் சொல்வது நியாயம், அதை எடுத்துவிடு.

இனி மூன்றாம் அத்தியாயத்துக் கோட்டை வாசல். நிலவறையிலிருந்து இவர்கள் மீட்ட கைதிகள் ஐந்து கூட்டமாகக் கயிற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். துரத்தி வரும் படையைத் தடுக்கக் கதவை இறக்கலாம் என்றால், அந்தச் சங்கிலியை இழுக்க அண்ணனுக்கு முறிந்த கை உதவாது, அண்ணி நடக்க முடியாதவர்களைச் சுமந்துகொண்டு பாலத்தில் இருக்கிறாள். ஆக, திறந்த வாசலில் குண்டூசி தனியாக நின்றாள். அவள் ஒரு சுற்று தாங்கினால் ஒரு கூட்டம் அக்கரை சேரும். முதல் சுற்றில் ஒருவன் குடல் சரிந்து படியில் உட்கார்ந்தான். இரண்டாம் சுற்றில் மேலிருந்து கொதிக்கும் தாரை ஊற்றினார்கள், அவளுடைய இடது பக்கம் வெந்து தோல் கவசத்தோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில் கேடயம் இரண்டாகப் பிளந்தது, பிளந்த துண்டாலேயே ஒருவன் பல்லை உடைத்தாள். நான்காவதில் பிணங்களை மிதித்துக்கொண்டு ஒற்றைக்காதன் ஈட்டியோடு வந்தான். இந்த இடத்தில் பகடையை எல்லோர் கண்முன்னும் உருட்ட வேண்டும் என்று நீ எழுதியிருக்கிறாய். ஒற்றைக்காதனின் ஈட்டிக்கான பகடையை நான் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டினேன். இருபது விழுந்தது. அதாவது குண்டூசி முடிந்தாள். அம்மா முகத்தைப் பார்த்தேன், மனசு வரவில்லை. "பன்னிரண்டு, தப்பிச்சிட்டா" என்றேன்.

அம்மா, "பெயிலாப் போன பையனுக்கு ரெண்டு மார்க் கூட்டிப் போடும்போது மூக்கச் சொறிவீங்களே, அதே சொறி" என்று சொல்லி மறைப்பைத் தூக்கிவிட்டாள். இருபது எல்லோரையும் பார்த்துக்கொண்டு கிடந்தது. அண்ணி தன் கோடாரிக்காரியின் விவரம் எழுதிய தாளைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ நான் வாங்குன வெட்டும் பொய்யா மாமா?" என்றாள். அண்ணன், "அந்த மூணு கூட்டமும் பொழைச்சது உங்க தயவுலதானா? கைமுறிவையும் அப்படியே மாத்தி விட்டிருக்கலாம்ல" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டான். இத்தனை ஞாயிறு ஆடிய ஆட்டம் ஒரு நொடியில் சப்பென்று போனது. வாலு, உன் பதிப்பாசிரியர் சேர்க்கச் சொல்லும் வரியைத்தான் நான் தெரியாமல் ஆடிக் காட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒழுங்கா நடத்துங்க" என்றாள் அம்மா. நடத்தினேன். ஈட்டி குண்டூசியின் தொப்புளில் இறங்கி முதுகுவழியே வந்தது. விழுகிறவருக்குப் பகடை இல்லாமல் ஒரு கடைசிச் செயல் உண்டு என்ற உன் விதியை வாசித்தேன். அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு, ஈட்டிக் காம்பை இரண்டு கையாலும் பிடித்து, அது வயிற்றுக்குள் இன்னும் ஏற ஏற, அவனை நோக்கித் தன்னை இழுத்துக்கொண்டு போவதாகச் சொன்னாள். அவன் விட்டுவிட்டு ஓட நினைப்பதற்குள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, காது இல்லாத அந்த ஓட்டை வழியாகக் குத்துவாளை மூளை வரை இறக்கி, அவனோடு சேர்ந்து வாசலை அடைத்தபடி விழுந்தாள். இரண்டு உடல்களையும் வெட்டி விலக்க ஒரு சுற்று ஆகும் என்று நீ எழுதியிருந்தாய். அவள் விழுவதற்குள் நான்காம் கூட்டம் கடந்திருந்தது, அந்த ஒரு சுற்றில் ஐந்தாம் கூட்டமும் பாலத்தைத் தாண்டியது. அண்ணி அழுதாள், எத்தனையோ நிஜ ரத்தம் பார்த்தவள். அம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நல்லா செத்தேன்" என்றாள். குண்டூசியின் தாளைக் கடைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறாள். அளவு கொடுக்க வந்த ஒரு அம்மாள் யார் அது என்று கேட்டிருக்கிறாள். "வாசல்ல செத்துட்டா" என்று இவள் சொல்ல, அவள் துக்கம் விசாரித்துவிட்டு ஜாக்கெட் துணியைக் கொடுக்காமலே போய்விட்டாள்.

ஆகவே போனில் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வாசலைத் தொடாதே. கிணற்றைத் திருத்து, நிலவறைப் பக்கத்தை எடு, இந்த இரண்டையும் பணிவாக ஒப்புக்கொண்டு, மூன்றாவதை ஏன் மாட்டேன் என்பதற்கு இந்தக் கடிதத்தையே வேண்டுமானால் அவருக்கு அனுப்பு. அவர் அச்சிடமாட்டேன் என்றால் வருத்தமாகத்தான் இருக்கும், வேறு ஆளைத் தேடுவோம். மாதக் கடைசிக்குள் அவருக்குப் பதில் எழுத மறந்துவிடாதே, கண் டாக்டரிடம் போவதையும் தள்ளிப்போடாதே. எடுத்த காரியம் கைகூடி, பயமில்லாமல், நிறைந்த ஆயுளோடு நீ நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். அம்மா அடுத்த ஆளுக்குக் 'கத்தரி' என்று பெயர் வைத்துவிட்டாள், அடுத்த புத்தகத்தைச் சீக்கிரம் எழுது.

இந்தப் புத்தகத்துக்கு என் மதிப்பெண் நூற்றுக்கு எழுபத்தெட்டு. மகள் என்று இரண்டு கூட்டிப் போடவில்லை. மூக்கைச் சொறிந்தேனா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள், பக்கத்தில்தான் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா