ஹாரல் பாறைக்கு மூன்று வழிகள்

பிரிஸ்டல்
9 மார்ச் 2001

இல்லை அக்கா, மேலே போனது நான் இல்லை.

சிவப்புக் கோட்டு என்னிடமும் இருக்கிறது, உண்மைதான். அந்த ஞாயிறு பஸ்ஸில் பாலம் வரை வந்தேன், அதுவும் உண்மை. பாலத்தின் குறுக்கே வைக்கோல் பரப்பி மருந்து ஊற்றியிருந்தார்கள். கோமாரி நோய், நடப்பவர் செருப்பில் ஒட்டிக்கூடப் பரவும், மேட்டுநிலத்துக்குப் போகும் நடைவழிகள் எல்லாம் மூடப்பட்டிருக்கின்றன என்று ஒரு பலகை. தூரத்திலிருந்து உனக்குக் கையசைத்துவிட்டுப் போகலாம் என்று கிளம்பியவள், அங்கேயே நின்றுவிட்டேன்.

அங்கிருந்து ஹாரல் பாறை தெரிந்தது. அதன் கீழ்ச் சரிவில் நம் ஆடுகள், முதுகில் நீலக் குறியோடு. பார்த்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். வைக்கோலை மிதிக்கக்கூட இல்லை.

பக்கத்துப் பண்ணைக் கிட்லிதான் சொன்னாரா? அவருக்குச் சிவப்பாக எது தெரிந்தாலும் அது நான்தான்.

நீ தனியாக இருக்கிறாய். அது மட்டும்தான் என் கவலை.

உன் தங்கை
ஹெஸ்டர்

*

ஹாரல் பண்ணை
14 மார்ச் 2001

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நம்பிவிட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் மனசில் முள்ளாகக் கிடந்திருக்கும், அதனால் கேட்டேன். ஆமாம், கிட்லிதான். அவர் மாடுகளுக்கு வாயெல்லாம் புண். எல்லாவற்றையும் சுட்டுவிட்டார்கள். பாவம், அவருக்கும் யார் மேலாவது பழி போட வேண்டியிருக்கிறது.

அவர் நிலத்துக்கும் நம் நிலத்துக்கும் நடுவே ஒரே சுவர். சுவரைத் தொட்ட பண்ணை எல்லாவற்றையும் சேர்த்து அழிக்க வேண்டுமாம். நம் ஆடுகள் நன்றாகத்தான் மேய்கின்றன. குற்றம் சுவர் மேல்.

நேற்று அரசாங்கத்திலிருந்து வெள்ளை உடுப்பில் ஒரு பையன் வந்தான். மேட்டுநிலத்தில் வேலி இல்லையே, உங்க ஆடு எதுவரைக்கும் மேயும், வரைபடத்தில் காட்டுங்க என்றான். "ஆட்டைத்தான் கேக்கணும் தம்பி, எனக்கு அதுதான் சொல்லிக் குடுத்துச்சு" என்றேன். சிரிப்பான் என்று பார்த்தேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றான்.

தபால்காரர் உள்ளே வருவதில்லை. கேட்டில் கட்டின டப்பாவில் இதைப் போடுகிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடு.

டைனா

*

பிரிஸ்டல்
19 மார்ச் 2001

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். உட்காரத் தோன்றவில்லை.

என்ன சொல்வது. நீ நன்றாக இருந்தால் போதும். எல்லாம் ஓய்ந்த பிறகு வேறு ஆடுகள் வாங்கிக்கொள்ளலாம். சரிவு அங்கேதானே இருக்கிறது. வீடு இருக்கிறது. நீ இருக்கிறாய்.

எழுது. ஒரு வரி என்றாலும்.

ஹெஸ்டர்

*

ஹாரல் பண்ணை
2 ஏப்ரல் 2001

ஹெஸ்டருக்கு,

வியாழக்கிழமை முடிந்தது.

சுட வந்த ஆட்களால் ஆடுகளைக் கீழே இறக்க முடியவில்லை. எந்தப் பக்கம் விரட்டினாலும் பாறையைச் சுற்றி ஓடி அதே சரிவுக்கு வந்து நின்றன. கடைசியில் நான் கூப்பிட்டேன். என் குரலுக்கு இறங்கி வந்தன. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நேற்று பரிசோதனை முடிவு வந்தது. ஒன்றுக்கும் நோய் இல்லை.

வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். நீயும் இந்த வீட்டில் பிறந்தவள்தானே ஹெஸ்டர். தன் மேய்ச்சல் தரையைத் தாய் ஆடு குட்டிக்குக் காட்டும். அது வளர்ந்து தன் குட்டிக்குக் காட்டும். நம் ஆட்டுக்கு அதுதான் வேலி. வாங்கி வருகிற ஆட்டுக்கு ஹாரல் பாறை எது, பக்கத்துப் பாறை எது? மேலே விட்ட மறுநாளே, நடைக்காரர்கள் ஏறுகிற மூன்று வழிகளிலும் அது இறங்கிப் போகும். சர்ச் வழியில் இறங்கினால் கார் ரோடு. ஆற்று வழியில் அடுத்தவன் தோட்டம். அந்தக் காலத்தில் அடுப்பில் விறகாக எரிக்க மண்கட்டி வெட்டிப் போன தடத்தில் இறங்கினால் சதுப்பு.

ஒவ்வொரு வழியிலும் ஆள் நின்று மறிக்க வேண்டும். விடிந்ததிலிருந்து இருட்டும் வரை, அவை குட்டி போட்டு அந்தக் குட்டிகளுக்கும் தரை பழகும் வரை. ஒரு வருஷமோ, இரண்டோ. சர்ச் வழிக்கு நான். மண்கட்டித் தடத்தில் கிட்லி நிற்கிறேன் என்கிறார். இனி அவருக்குப் பால் கறக்கிற வேலை இல்லையே. ஆற்று வழிக்கு ஆள் இல்லை.

நீ வருவாயா? ஒரு தடவைதான் கேட்பேன்.

டைனா

*

பிரிஸ்டல்
27 ஏப்ரல் 2001

அன்புள்ள அக்கா,

வருகிறேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். பிறகு வர முடியாது என்று எழுதினேன். அதையும் அடித்துவிட்டேன். அந்தத் தாள் இங்கே கிடக்கிறது. பார்த்தால் கிழிக்க மனம் வரவில்லை.

பல்கலைக்கழக ஆய்வை இப்போது விட்டால் திரும்பவும் எடுக்க விடமாட்டார்கள். இந்த ஊரில் எனக்கு ஒரு அறை இருக்கிறது, ஒரு ஜன்னல் இருக்கிறது, என்னை ஹாரல் பண்ணைப் பெண் என்று யாரும் கூப்பிடுவதில்லை. இதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் காரணம் இதுதான்.

ஆடுகள் வந்ததும் எழுது. சனி, ஞாயிறுகளில் வந்து நிற்கிறேன்.

நீ கேட்டதற்கு இது பதில் இல்லை, தெரியும்.

ஹெஸ்டர்

*

ஹாரல் பண்ணை
26 நவம்பர் 2001

அன்புள்ள ஹெஸ்டருக்கு,

நீ மறந்துவிட்டுப் போன கையுறையை இதோடு வைத்திருக்கிறேன்.

நீ ஆற்று வழியில் நின்ற இரண்டு சனிக்கிழமையும் ஒரு ஆடுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை பாதி மந்தை இறங்கிப் போய்விட்டது. ஆட்டுக்கு வாரக் கடைசி ஏது. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

புது ஆடுகள் சமவெளி ஆடுகள். மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்றுகூடத் தெரியவில்லை, என் முகத்தைப் பார்க்கின்றன. கிட்லி அவற்றோடு பேச ஆரம்பித்துவிட்டார். "ஏண்டி, உங்க ஊர்ல பாறையே கிடையாதா?" என்று அவர் கத்துவது சர்ச் வழி வரைக்கும் கேட்கிறது.

வழிகளைத் திறந்துவிட்டார்கள். நேற்று ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து, மூன்றில் எந்த வழி நல்ல வழி என்று கேட்டார்கள். எறங்குறதுக்கா ஏறுறதுக்கா என்றேன். அழகாக இருக்க வேண்டுமாம். ஆற்று வழியைக் காட்டினேன். இரண்டு பேர் நடந்து போனால் ஒரு மணி நேரமாவது ஆடு இறங்காது பார்.

முழங்கால் வலி இருக்கிறது. குளிருக்குத்தான்.

டைனா

*

ஹாரல் பண்ணை
20 செப்டம்பர் 2002

ஹெஸ்டருக்கு,

ஏப்ரலில் நல்லபடியாகக் குட்டி போட்டன. இந்த வருஷம் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். ஆற்று வழியில் தினமும் இறங்கின. தோட்டக்காரன் நாயை விட்டான். அவற்றைத் தேடி நான் ஆற்றுக்குப் போன நேரத்தில் மீதி சர்ச் வழியில் ரோட்டுக்கு வந்துவிட்டன. வந்து மோதின காருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆடுகளைப் பற்றி எழுதவில்லை.

எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். லாரி வந்து ஏற்றிப் போய்விட்டது. மேய்ச்சல் உரிமையும் அடுத்த மாதம் கைமாறுகிறது. நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். சூடாக இருக்கும்.

ஒரு தாயும் குட்டியும் மட்டும் அன்றைக்குக் கையில் அகப்படவில்லை. மேலேதான் இருக்கும். உனக்கு முடிந்தால் வந்து அவற்றை இறக்கி, கிட்லியிடம் ஒப்படைத்துவிடு. சந்தைக்கு அனுப்புவார். என் முழங்கால் இனி ஏறாது.

வீட்டுக்கு வராதே. கோபம் இல்லை. கோபம் என்றால் எழுதியே இருக்க மாட்டேன். உன்னைப் பார்த்தால் எனக்கு அந்த ஆற்று வழிதான் ஞாபகம் வருகிறது. கொஞ்ச நாளைக்கு எழுதவும் வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டைனா

*

பாலத்து பஸ் நிறுத்தம்
6 அக்டோபர் 2002

அக்கா,

எழுத வேண்டாம் என்றாய். இதை எழுதாமல் போக முடியவில்லை.

கிட்லியின் நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஏறினேன். உன் வீட்டுப் புகைபோக்கியில் புகை வந்தது. நான் அந்தப் பக்கம் வரவில்லை.

இரண்டும் பாறைக்குக் கீழே, நம் ஆடுகள் நிற்குமே, அந்தச் சரிவில் நின்றன. சர்ச் வழியில் ஓட்டினேன். பாதி தூரம் போய், பாறையைச் சுற்றித் தாய் திரும்பி வந்துவிட்டது. பின்னாலேயே குட்டி. மண்கட்டித் தடத்தில் ஓட்டினேன். அதே கதை. பிறகு ஆற்று வழி. அதில் இறங்கவே மறுத்தது. என் இரண்டு சனிக்கிழமை போக யாருமே நின்று மறிக்காத வழி அது. நாய் குரைத்தது, நான் கத்தினேன். அது என்னைப் பார்த்தது. குட்டியை முன்னால் விட்டுக்கொண்டு மெதுவாக மேலே நடந்தது. இதுதான் நம்ம இடம் என்று குட்டிக்குச் சொல்வதுபோல.

தரை பழகிவிட்டது, அக்கா.

இதை உனக்குச் சொல்லலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். சொன்னால், விற்றுவிட்டோமே என்று வலிக்கும். சொல்லாவிட்டால், நீ மழையில் நின்றதெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டே அந்தச் சமையலறைக்குப் போவாய். இரண்டில் எது குறைவாக வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது ஆளாக நான் நின்றிருந்தால் என்று ஆரம்பித்து ஒரு வரி எழுதினேன். அதை முடிக்கவில்லை.

இரண்டையும் அங்கேயே விட்டு நான் இறங்கியபோது கிட்லி தன் கேட்டில் காத்திருந்தார். "கிடைச்சுதா பொண்ணு?" என்றார்.

இல்லை என்றேன். நாயை அவரிடம் கொடுத்துவிட்டுப் பாலத்துக்கு நடந்தேன்.

ஹெஸ்டர்