நாய் இல்லை என்றாய்

அன்புள்ள மகனுக்கு,

உன் அம்மாவின் நுரையீரலில் மூன்று, இதயச் சுவரில் ஒன்று என நான்கு புழுக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். பச்சை ஆட்டு நுரையீரல் தின்னும் நாயிடமிருந்து வரும் புழு என்று டாக்டர் விளக்கினார். "வீட்டுல நாய் உண்டா?" என்று அவர் கேட்டதும், "கோழிகூடக் கிடையாது சார்" என்றாய். நானும் வாய் திறக்கவில்லை. நீ வளர்த்து விற்கும் நாய்க்குட்டிகளை இனி யாரும் வாங்கமாட்டார்கள் என்று பயந்தாயோ?

நான் தவறாகவும் நினைக்கலாம்.

நேற்று நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, உன்னோடு தங்கியிருந்த உன் அம்மாவின் சேலையை எடுக்க ராஜபாளையத்தில் உன் வீட்டுக்குப் போனேன். நாய்களுக்குப் பூச்சிமருந்து கொடுத்த அட்டையைப் பார்த்தேன். இரண்டு வருடத் தேதிகளும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தன. விடைத்தாள் திருத்தியே வயதானவன் நான். நாய்களுக்குக் கறி வேகவைப்பதாக நீ சொன்ன சட்டிக்குள் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

"தாத்தா, மூஞ்சிய நக்குது பாருங்க!" என்று உன் மகள் ஹெப்சிபா சிரித்தாள். சிரிப்போடு இருமலும் வந்தது. ஒரு மாதமாக இருமுகிறாளாம்.

டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேத்தி இப்போது என்னுடன் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறாள். உன் மனைவிதான் அனுப்பினாள். திங்கட்கிழமை குழந்தைக்கு ஸ்கேன்.

அதுவரை அவளை அழைக்க வராதே. நேரில் வந்து கேட்டால் அனுப்பிவிடுவேன். உன் முகம் பார்த்து மறுக்க முடியாத என் சுபாவம் உனக்குத் தெரியும்.

உன் அப்பா