திரையில் இன்னொரு பெயர்

பிரிக்பீல்ட்ஸ்,
3 நவம்பர் 2025

மாதவியின் அண்ணனுக்கு மலர்விழி எழுதுவது. நலம். உங்கள் நலத்தை உங்கள் தங்கை சொல்லித் தெரிந்துகொள்கிறேன்.

ரவாங் வீட்டை விட்டு நான் இங்கே என் அச்சுக்கடை மாடிக்குக் குடிவந்ததிலிருந்து, போனில் பேசினால் இரண்டு பேருமே கத்துகிறோம். அதனால்தான் கடிதம். சிரிக்காதீர்கள், தபால்தலைக்கு வரிசையில் நின்றேன்.

லேப்டாப்பை மாதவி கொண்டுவந்து கொடுத்தாள். புது விண்டோஸ் ஏறாது, தூக்கிப் போடுங்கள் என்று எல்லோரும் சொன்ன அதே லேப்டாப்பா இது! நீங்கள் போட்டுத் தந்த லினக்ஸில் சுறுசுறுப்பாக ஓடுகிறது. கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் இப்போது அதில்தான். எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். "ஃப்ரீ லா, அண்ணி" என்றாள். நான் நம்பவில்லை.

ஒருநாள் ‘உதவி’ என்ற இடத்தில் நுழைந்தால், இதைச் செய்தவர்களின் பெயர்கள். உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கின்றன. எந்தெந்த ஊர்க்காரர்களோ! நடுவே தமிழ்ப் பெயர்களும். ‘கோப்பு’, ‘திருத்து’ என்று ஒவ்வொரு சொல்லாக உட்கார்ந்து தமிழாக்கியிருக்கிறார்கள், நான் யாரென்றே தெரியாமல். அன்னதானத்தில் பரிமாறுகிறவர் நம்மிடம் ஊர் பேர் விசாரிப்பதில்லையே, அப்படி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரே ஒரு குறை. புதிதாக எதைச் சேர்க்கப் போனாலும் பாஸ்வர்ட் கேட்கிறது. அதை எழுதி அனுப்புங்கள்.

மலர்விழி


ரவாங்,
14 நவம்பர் 2025

அன்புள்ள மலர்,

உன் கடிதத்தை ஃபேக்டரி கேன்டீனில் வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். லினக்ஸைப் பற்றி அத்தனை எழுதியிருக்கிறாய். என்னைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று தேடினேன்.

நான் இதோடு எத்தனையோ வருடமாகப் பழகுகிறேன், அந்தப் பெயர்களை ஒருநாளும் பார்த்ததில்லை. நீ சொன்ன பிறகு பார்த்தேன். கடைசிப் பெயர் வரை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

பாஸ்வர்ட் உனக்கு எதற்கு? தெரியாமல் எதையாவது அழித்துவிடுவாய். தேவைப்படும்போது சொல். ஞாயிற்றுக்கிழமை கொமுட்டர் ரயிலில் வந்து நானே போட்டுத் தருகிறேன். அந்தச் சாக்கில் உன்னையும் பார்க்கலாம்.

அன்புடன்,
சிவநேசன்


பிரிக்பீல்ட்ஸ்,
22 ஜனவரி 2026

மாதவியின் அண்ணனுக்கு,

காப்பாரிலிருந்து பவுனம்மாள் அக்கா தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸ் அடிக்க வந்தார். அன்றுதான் புதுப் பிரிண்டரும் வந்தது. அதைச் சேர்க்கப் பாஸ்வர்ட் கேட்டது. உங்களுக்கு மெசேஜ் போட்டால், "ஞாயிறு வரேன்" என்று பதில். அன்று செவ்வாய்க்கிழமை. "பரவால்ல லா மலரு, வேற கடையில அடிச்சுக்கறேன்" என்று அக்கா எழுந்து போய்விட்டார். என் கடையில், என் கணினிக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கடையைக் காலி செய்வதாக என்னைக் கேட்காமலே கட்டடச் சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தீர்களே, அன்றும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உங்களைவிட்டு வந்தேன். வேறு எந்தக் கோபமும் எனக்கு இல்லை.

முகம் தெரியாத அத்தனை பேர் சேர்ந்து, எடுத்துக்கொள், உன் இஷ்டப்படி மாற்றிக்கொள் என்று கொடுத்த பொருள் இது. அதற்குப் போய்ப் பூட்டுப் போட்டுச் சாவியை நீங்கள் வைத்திருக்கிறீர்கள். பாஸ்வர்ட் வராவிட்டால் இனி என்னிடமிருந்து கடிதமும் வராது.

மலர்விழி


ரவாங்,
27 ஜனவரி 2026

மலர்,

பாஸ்வர்டைத் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உள்ளே போனதும் அதை மாற்றிவிடு. புதியதை என்னிடம் சொல்லாதே.

பயத்தில்தான் கையில் வைத்திருந்தேன். கொடுத்துவிட்டால் என்னைக் கூப்பிட உனக்கு ஒரு காரணமும் இருக்காதே என்று. கடை விஷயத்திலும் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

சிவநேசன்


பிரிக்பீல்ட்ஸ்,
9 பிப்ரவரி 2026

அன்புள்ள உங்களுக்கு,

மாற்றிவிட்டேன். பிரிண்டரையும் நானே சேர்த்தேன். ஓர் இடத்தில் சிக்கியது. இணையத்தில் கேட்டேன். எந்த நாட்டுக்காரரோ, என் தே தாரிக் டீ ஆறுவதற்குள் பதில் எழுதிவிட்டார்! முதல் தாள் வெளியே வந்தபோது அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். நானா செய்தேன் என்று இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

பிறகு இன்னொரு காரியமும் செய்தேன். இந்தக் கணினியில் வேறொருவரையும் சேர்க்கலாமாம். பெயர் என்ன என்று கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து நான் வாயால் சொல்லாத பெயர். கடைக்கதவைச் சாத்திவிட்டு வந்து தட்டினேன்: சிவநேசன். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இப்போது கணினியைத் திறந்ததும் நம் இரண்டு பேர் பெயரும் வருகிறது.

ஆனால் ஒன்று, உங்களுடையது சாதாரணக் கணக்கு. நிர்வாகி நான்தான். எதைச் சேர்ப்பதானாலும் எடுப்பதானாலும் என்னைக் கேட்க வேண்டும். சம்மதமென்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இங்கே ரிப்பேர் எதுவும் இல்லை, சும்மா வாருங்கள். உங்களுக்கான பாஸ்வர்டை நான் வைக்கவில்லை. முதல்முறை உள்ளே வரும்போது நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
மலர்